இன்ஜினீயர் போட்ட கோலம்

நீலத்தில் எத்தனை நீலம் இருக்கிறது? ஜவுளிக்கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள். ஆகாய நீலம், கடல் நீலம், ராமர் நீலம், மயில் கழுத்து என்று பத்துப் பன்னிரண்டு புடைவைகளை எடுத்துப் போடுவார்கள். அதற்கு மேல் கேட்டால், "இவ்வளவுதாங்க" என்று கையை விரித்துவிடுவார்கள்.

கூகுளில் 41 இருந்தது.

விஷயம் இதுதான். இரண்டு நீலங்களில் எதைப் போடுவது என்று ஒரு குழுவால் முடிவு செய்ய முடியவில்லை. நாமாக இருந்தால் சீட்டுக் குலுக்கிப் போட்டிருப்போம். அவர்கள் இன்ஜினீயர்கள். இரண்டு நீலங்களுக்கும் நடுவே 41 நீலங்களை வரிசையாக நிறுத்தி, எதை மக்கள் அதிகம் க்ளிக் செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கக் கிளம்பினார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். டக்ளஸ் போமன். 2006இல் கூகுள் வேலைக்கு எடுத்த காட்சி வடிவமைப்பாளர். நிறம், எழுத்து, இடைவெளி என்று முறைப்படி பழகிய ஆசாமி. ஒரு கோட்டின் தடிமன் 3 பிக்ஸலா, 4 பிக்ஸலா, 5 பிக்ஸலா என்று ஒரு விவாதம் வந்தபோது, "நீங்கள் சொல்வது சரி என்று நிரூபியுங்கள்" என்றார்கள். மனுஷன் வெறுத்துப் போனார். 2009 மார்ச் மாதம் ராஜினாமா. எதற்காகப் போகிறேன் என்பதை, அந்த 41 நீலத்தையும் சேர்த்து, ஊரறிய எழுதி வைத்துவிட்டுத்தான் போனார்.

பாவம் கலைஞர், ரோஷக்காரர் என்று உச்சுக் கொட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் 2014இல் பிரிட்டன் கூகுளின் நிர்வாகி டான் காப்ளி ஒரு கணக்குச் சொன்னார். விளம்பர இணைப்புகளுக்குச் சரியான நீலத்தைச் சோதித்துக் கண்டுபிடித்ததில் கிடைத்த கூடுதல் வருமானம், வருஷத்துக்கு 20 கோடி டாலர்.

இப்போது சொல்லுங்கள். யார் கட்சி சரி? இன்ஜினீயரா, டிசைனரா?

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இந்த வழக்கு கூகுளில் ஆரம்பித்ததல்ல. இணையப் பக்கம் என்று ஒன்று பிறந்த நாளிலிருந்து நடந்துகொண்டிருப்பது. கையில் ஜாவாவோ சி ப்ளஸ் ப்ளஸ்ஸோ இருக்கிறது, கொஞ்சம் வெப் டிசைனும் கற்றுக்கொள்ளலாமே என்று உட்காருகிற சாஃப்ட்வேர் இன்ஜினீயர் யாராக இருந்தாலும், புத்தகத்தைப் பிரிப்பதற்கு முன்னால் இந்த வழக்கின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. ஏனென்றால் இதில் இருக்கிற ஒவ்வொரு விதியும் யாரோ யாருடனோ சண்டை போட்டு வந்த விதி.

ஜெனீவாவுக்குப் போவோம். செர்ன் என்கிற அணு இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம். எங்கெங்கிருந்தோ வந்த விஞ்ஞானிகள். ஒருத்தர் கொண்டுவந்த கம்ப்யூட்டர் மாதிரி இன்னொருத்தருடையது இருக்காது. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் படிக்க முடியாது. இந்தக் குழப்பத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தால் என்ன என்று டிம் பெர்னர்ஸ் லீ 1989 மார்ச்சில் ஒரு திட்டம் எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தார். மேலதிகாரி மைக் செண்டால், 'தெளிவாக இல்லை, ஆனால் சுவாரஸ்யமாக இருக்கிறது' என்கிற அர்த்தத்தில் அதன் தலையில் மூன்று வார்த்தை கிறுக்கி வைத்தார். அந்தக் கிறுக்கல்தான் இன்றைக்கு நாம் பார்க்கிற வலையுலகத்தின் பிறப்புச் சான்றிதழ்.

பெர்னர்ஸ் லீயின் அப்பா, அம்மா இரண்டு பேருமே இங்கிலாந்தின் ஆரம்பகாலக் கம்ப்யூட்டர் ஒன்றில் வேலை பார்த்தவர்கள். இவர் ஆக்ஸ்ஃபோர்டில் இயற்பியல் படித்தவர். ஓவியம், அச்சுக்கலை பக்கமெல்லாம் தலைவைத்துப் படுத்தவர் இல்லை. 1991இல் அவர் வெளியிட்ட எச்.டி.எம்.எல். குறிப்பில் மொத்தமே 18 குறிகள்தான். இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது இன்னொரு பக்கத்துக்கு இணைப்பு. அவ்வளவுதான். தலைப்பு சிவப்பாக இருக்கட்டும், எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று சொல்வதற்கு வழியே கிடையாது.

மறந்து விட்டுவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்துதான் விட்டார். எழுதுகிறவன் 'இது என்ன' என்று மட்டும் சொல்ல வேண்டும். அது எப்படித் தெரிய வேண்டும் என்பதைப் படிக்கிறவனின் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். ஏனென்றால் படிக்கிறவனிடம் என்ன திரை இருக்கிறது, கலர் இருக்கிறதா, கறுப்பு வெள்ளையா, எதுவும் எழுதுகிறவனுக்குத் தெரியாது. இன்ஜினீயர் மூளை. அருமையான மூளைதான். ஒரே ஒரு சிக்கல். பக்கங்கள் எல்லாம் பார்ப்பதற்கு அரசாங்க கெஜட் மாதிரி இருந்தன.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு பையன். மார்க் ஆண்ட்ரீஸன். வயது 21. எரிக் பினா என்பவரோடு சேர்ந்து மொசைக் என்றொரு பிரவுசர் எழுதிக்கொண்டிருந்தார். 1993 பிப்ரவரி 25ஆம் தேதி, மற்ற பிரவுசர்காரர்களுக்கு ஒரு கடிதம் போட்டார். எழுத்துக்கு நடுவே படம் வைக்க 'இமேஜ்' என்று ஒரு புதுக் குறி சேர்க்கலாமே என்பது யோசனை. பெரியவர்கள் கூடினார்கள். இப்படிச் செய்யலாமே, அப்படிச் செய்யலாமே, இன்னும் பொதுவாக யோசிக்கலாமே என்று ஆளுக்கொரு ஆலோசனை. பையன் காத்திருக்கவில்லை. தான் சொன்னபடியே செய்து முடித்து வெளியே விட்டார். பெர்னர்ஸ் லீ தன்னைக் கூப்பிட்டுத் திட்டினார் என்று பிற்பாடு ஆண்ட்ரீஸனே சொல்லியிருக்கிறார்.

திட்டி என்ன பிரயோஜனம்? படம் வந்ததும் கூட்டமும் வந்துவிட்டது.

ஆனால், இந்த ஆண்ட்ரீஸன்கூட அந்தச் சமயம் டிசைனர்கள் கட்சியில் இல்லை என்பதுதான் வேடிக்கை. 1994 பிப்ரவரியில் அவர் எழுதியதன் சாரம் இது. 'என் பக்கம் இப்படி இப்படித் தெரிய வேண்டும், எழுத்து இந்த அளவில் வர வேண்டும் என்று கூட்டம் கூட்டமாக என்னிடம் வருகிறார்கள். மன்னிக்கவும், உங்கள் பாடு திண்டாட்டம்தான் என்று அவர்களுக்குப் பதில் சொல்வதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.'

அதே வருஷம் நெட்ஸ்கேப் கம்பெனி ஆரம்பித்தார்கள். கம்பெனி என்று வந்தால் வாடிக்கையாளர் என்று ஒருவர் வந்துவிடுகிறார். வாடிக்கையாளரிடம் போய், உங்கள் பாடு திண்டாட்டம் என்று சொல்ல முடியுமா? நடுவில் நிறுத்துவது, எழுத்தைப் பெரிதாக்குவது, பின்னணிக்குக் கலர் அடிப்பது என்று ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்துவிட்டார்கள். எழுத்து மினுக் மினுக் என்று கண் சிமிட்டக்கூட ஒரு குறி வந்தது. மாரியம்மன் கோயில் திருவிழா சீரியல் செட் தோற்றது, போங்கள்.

1995இல் வந்தது அட்டவணை.

பி.காம். படித்த என்னைப் போன்றவனுக்கு அட்டவணை என்றால் லெட்ஜர்தான். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. எண்களை அடுக்குவதற்கு ஏற்பட்ட சமாசாரம். இன்ஜினீயர்களும் அப்படித்தான் நினைத்துக் கொடுத்தார்கள். டிசைனர்கள் கையில் அது கிடைத்ததும் நடந்ததே வேறு. கோடுகளை மறைத்துவிட்டால் அட்டவணை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டத்தில் படம், பக்கத்துக் கட்டத்தில் செய்தி, மூலையில் விளம்பரம். பத்திரிகைப் பக்கம் மாதிரியே வந்துவிட்டது!

இந்த வித்தையை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் டேவிட் சீகல். அச்செழுத்துகளை வடிவமைத்தவர். 1996இல் அவர் எழுதிய இணைய வடிவமைப்புப் புத்தகம் அமோகமாக விற்றது. ஒரு பிக்ஸல் நீளம், ஒரு பிக்ஸல் அகலம், நிறமே இல்லாத ஒரு படம். அதை வேண்டிய அளவுக்கு இழுத்து, இடைவெளி தேவைப்படுகிற இடத்தில் செருகு. கண்ணாடியில் செங்கல் செய்து சுவருக்கு நடுவே வைப்பது மாதிரி. யாருக்கும் தெரியாது, ஆனால் முட்டுக்கொடுத்து நிற்கும்.

அந்தக் காலத்துப் பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? 1996இல் வந்த ஸ்பேஸ் ஜாம் திரைப்படத்தின் இணையப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். 2021இல் அடுத்த பாகம் வந்தபோதுகூடப் பழைய பக்கத்தை அழிக்காமல், மியூசியத்தில் வைப்பது போலத் தனியாக வைத்தார்கள்.

இன்னொரு பக்கம், டிசைனர்கள் இன்ஜினீயரிங் கற்றுக்கொண்ட கதை. லிண்டா வைன்மன் என்று ஒரு பெண்மணி. அனிமேஷன் துறையிலிருந்து வந்து கலைக்கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். இணையத்துக்குப் படம் வரைவது பற்றித் தன் மாணவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு நல்ல புத்தகம் கடையில் அகப்படவில்லை. சரி, நாமே எழுதிவிடுவோம் என்று எழுதினார். 1996 ஆரம்பத்தில் வெளியானது. அன்றைய சாதாரண மானிட்டரில் 256 நிறங்கள்தான் தெரியும். அதில் எந்தக் கம்ப்யூட்டரிலும் கெடாமல் தெரிவது எது? சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் ஆறு ஆறு படிகள் வைத்துப் பெருக்கினால் 216. அந்த 216ஐப் பரப்பியவர் அவர். பாடம் சொல்லிக்கொடுக்க அவர் பெயரிலேயே ஆரம்பித்த நிறுவனத்தை லிங்க்டின் 2015இல் வாங்கியது. விலை 150 கோடி டாலர். கற்றுக்கொள்ள எவ்வளவு பேர் தவித்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அந்தத் தொகை சாட்சி.

மற்றவர்கள் எப்படிக் கற்றார்கள்? திருடித்தான். எந்தப் பக்கத்தின் மூல எழுத்தையும் பிரவுசரிலேயே திறந்து பார்க்கலாம். நல்ல சமையல் சாப்பிட்டதும் அடுப்படிக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி. ஓட்டல்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு தலைமுறையே இப்படித்தான் படித்தது. சரி தப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தது.

தப்பு என்ன ஆயிற்று? சிட்னிக்குப் போகலாம், வாருங்கள்.

1999 ஜூன். அடுத்த வருஷம் சிட்னியில் ஒலிம்பிக்ஸ். அதற்காக அமைப்புக் குழு ஒரு பிரமாதமான இணையதளம் போட்டிருந்தது. புரூஸ் மக்வயர் என்கிற ஆஸ்திரேலியருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருக்கும் எழுத்தைப் பிரெயில் புள்ளிகளாக மாற்றித் தரும் கருவியை வைத்துக்கொண்டு, விரலால் தடவிப் படிப்பார். ஒலிம்பிக்ஸ் பக்கத்தைத் திறந்தால், பல இடங்களில் ஒன்றும் அகப்படவில்லை. பெயர்கள், பொத்தான்கள் எல்லாம் படமாக இருக்கின்றன. படம் என்ன என்று சொல்லும் ஒரு வரி இல்லை. போட்டி முடிவுகளின் அட்டவணைகளுக்குள் போனால் எது எதற்குச் சொந்தம் என்று புரியவில்லை.

யோசித்துப் பாருங்கள். பெர்னர்ஸ் லீ செய்து வைத்திருந்த வெறும் கெஜட் பக்கத்தை மக்வயரால் தாராளமாகப் படித்திருக்க முடியும். அழகு படுத்தப் போய் அவரை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார். இதைச் சரி செய்ய வேண்டுமென்றால் ஒரு ஆள் தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் 368 நாள் ஆகும் என்றது ஒலிம்பிக் தரப்பு. சின்னக் குழு ஒன்று இருந்தால் நான்கே வாரத்தில் முடியும் என்றார்கள் மக்வயர் தரப்பு நிபுணர்கள். 2000 ஆகஸ்ட் 24ஆம் தேதி தீர்ப்பு வந்தது. செப்டம்பர் 15, அதாவது போட்டிகளின் தொடக்க விழா நாளுக்குள், தளத்தைச் சரிசெய்ய வேண்டும். செய்யவில்லை. நவம்பரில் மக்வயருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

ஒலிம்பிக்ஸ் முடிந்தே போயிருந்தது.

இந்த மாதிரி ஏதோ நடக்கப்போகிறது என்று சீகலுக்கே உறைத்திருக்க வேண்டும். இணையம் நாசமாகிவிட்டது, நாசமாக்கியவன் நான்தான் என்று 1997லேயே கட்டுரை எழுதினார். உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் ஒன்றோடொன்று பிசைந்து வைத்தது தப்பு, இரண்டையும் பிரிக்க வேண்டும் என்றார்.

பிரிப்பதற்கான கருவி அதற்குள் வந்திருந்தது. கண்டுகொள்ளத்தான் ஆளில்லை.

1994 அக்டோபர் 10. அதே செர்ன். ஹோகன் வியூம் லீ என்கிற நார்வேக்காரர் ஒரு யோசனையை வெளியிட்டார். பக்கத்தில் இருக்கிற விஷயம் தனியாக இருக்கட்டும். தோற்றத்துக்கான விதிகள் தனி ஏட்டில் இருக்கட்டும். கோலம் மாதிரிதான். புள்ளிகளை முதலில் சரியாக வைத்துவிட்டால், அதன் மேல் கம்பியை எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம். இதற்குத்தான் சி.எஸ்.எஸ். என்று பெயர். பெர்ட் போஸ் என்கிற டச்சுக்காரர் கூடச் சேர்ந்துகொண்டார்.

இந்த யோசனையின் முதல் வடிவத்தில் ஓர் அழகான விஷயம் இருந்தது. எழுதுகிறவர் ஒரு தோற்றம் சொல்வார். படிக்கிறவருக்கும் ஒரு விருப்பம் இருக்கும். யார் பேச்சு எடுபடும்? ஹோகன் லீ சதவிகிதம் வைத்தார். இந்த விதியில் எனக்கு 100 சதவிகிதம், இதில் 40 சதவிகிதம் போதும், மிச்சம் உன் இஷ்டம். பார்ட்னர்ஷிப் கம்பெனியில் பங்கு பிரிக்கிற மாதிரி! சதவிகிதம் பின்னால் கழன்று விழுந்துவிட்டது. ஆனால் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு என்கிற அடிப்படை மட்டும் நின்றது. இன்ஜினீயர், டிசைனர் சண்டையில் எல்லோரும் மறந்திருந்த மூன்றாவது ஆளை, அதாவது படிக்கிறவரை, பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டது இந்த யோசனைதான்.

1996 டிசம்பரில் சி.எஸ்.எஸ். அதிகாரபூர்வத் தரம் ஆயிற்று. சுபம் போட்டுவிடலாமா? ம்ஹூம். அப்போதுதான் மைக்ரோசாஃப்ட், நெட்ஸ்கேப் குடுமிப்பிடி ஆரம்பித்திருந்தது. இரண்டு பிரவுசரும் ஒரே விதியை இரண்டு விதமாகப் படித்தன.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வெப் டிசைன் கற்றுக்கொள்ள வருகிற இன்ஜினீயர் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்கிற இடம் இது. பக்கத்தில் இருக்கிற எல்லாமே பெட்டிகள். ஒரு பெட்டியின் அகலம் 300 என்று சொல்கிறீர்கள். உள்ளே இரண்டு பக்கமும் 20, 20 இடைவெளி. சுற்றுச்சுவர் 5, 5. மொத்தம் எவ்வளவு இடம் அடைக்கும்? தரத்தின்படி 350. மைக்ரோசாஃப்டின் அன்றைய பிரவுசரில் 300தான்.

ஃப்ளாட் வாங்கியவர்களுக்குச் சட்டென்று புரியும். தரம் சொல்வது கார்ப்பெட் ஏரியா. மைக்ரோசாஃப்ட் சொன்னது சுவரையும் சேர்த்த பில்ட்அப் ஏரியா. இந்த 50 பிக்ஸலுக்காக உலகம் முழுக்க எத்தனை பேர் ராத்திரி கண் விழித்திருப்பார்கள்! 2001இல் மைக்ரோசாஃப்ட் தன் ஆறாவது பதிப்பில் தரத்துக்கு இறங்கி வந்தது. இதில் பெரிய தமாஷ் என்ன தெரியுமா? பில்ட்அப் ஏரியா கணக்குதான் வசதி என்று பிற்பாடு எல்லோருக்கும் தோன்றி, வேண்டுமானால் அப்படியும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதியைச் சேர்த்தார்கள். இன்றைக்குப் பெரும்பாலானவர்கள் வேலையை ஆரம்பிக்கிறபோது முதலில் எழுதுகிற வரி அதுதான்.

இந்தக் கலவரத்தில் ஒழுங்கு கேட்டு 1998இல் ஒரு கூட்டம் கிளம்பியது. ஜெஃப்ரி ஸெல்ட்மன் போன்ற டிசைனர்கள் சேர்ந்து ஆரம்பித்த வெப் ஸ்டாண்டர்ட்ஸ் ப்ராஜெக்ட். பிரவுசர்காரர்களே, தயவுசெய்து தரத்தைப் பின்பற்றுங்கள் என்பது ஒற்றைக் கோரிக்கை. கவனியுங்கள். கேட்டது டிசைனர்கள். அட்டவணையை வளைத்தவர்களே இப்போது இன்ஜினீயர் பேசுகிற பாஷையில் பேசினார்கள். 2002இல் வயர்ட் பத்திரிகையின் செய்தித் தளம் அட்டவணைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு சி.எஸ்.எஸ்.ஸுக்கு மாறியது. முடியும் என்று செய்து காட்டியவர் யார் தெரியுமா? நாலு வருஷம் கழித்து கூகுளுக்குப் போகப்போகிற அதே டக்ளஸ் போமன்.

2003இல் டேவ் ஷே என்கிற கனடாக்காரர் இன்னொரு காரியம் செய்தார். சி.எஸ்.எஸ். ஸென் கார்டன் என்று ஒரே ஒரு பக்கம். அதன் எழுத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள், தோற்ற ஏட்டை மட்டும் மாற்றி அனுப்புங்கள் என்று சவால் விட்டார். குவிந்தன. ஒன்று பழைய ஓலை மாதிரி, இன்னொன்று சினிமா போஸ்டர் மாதிரி. புள்ளி அதேதான். கோலம்தான் வேறே.

நம் ஊரில் இதே பாடத்தை இன்னொரு வாசல் வழியாகப் படித்தோம். தொண்ணூறுகளின் கடைசியில் தமிழ் இணையப் பக்கங்களைத் திறந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு. இறக்கிப் போட்டுக்கொண்டால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் பூச்சி பூச்சியாகத் தெரியும். காரணம், அது தமிழாகத் தெரிந்ததே தவிர, கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை உள்ளே இருந்தது தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துக்கான எண்ணின் மேல் தமிழ் எழுத்தின் படத்தை ஒட்டியிருந்தார்கள். தேடினால் கிடைக்காது, வரிசைப்படுத்த முடியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகைக்கும் எழுத்துருவுக்கும் தரம் வகுத்தார்கள். 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. யூனிகோட் என்ன செய்கிறது? 'இது அ', 'இது க' என்று மட்டும் சொல்கிறது. எப்படித் தெரிய வேண்டும் என்பது எழுத்துருவின் பாடு. ஜெனீவாவில் பெர்னர்ஸ் லீ சொன்ன அதே விஷயம்.

சரி, படிக்கிறவர் என்று சொன்னேனே, அவர் என்னதான் செய்கிறார்? உட்கார்ந்து பார்த்தவர் யாகப் நீல்சன். டென்மார்க்காரர். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்தார். 1997இல் அவர் வெளியிட்ட கணக்கு இது. சோதனைக்கு வந்தவர்களில் 79 சதவிகிதம் பேர் எந்தப் புதுப் பக்கத்தையும் மேலோட்டமாக மேய்ந்தார்கள். வார்த்தை வார்த்தையாகப் படித்தவர்கள் 16 சதவிகிதம். தலைப்பு, துணைத் தலைப்பு, சின்னப் பத்தி என்று பக்கத்தை உடைத்துப் போட வேண்டிய காரணம் இதில் இருக்கிறது.

இன்னொரு சம்பவம். கூகுளின் முதல் பக்கம் ஏன் அவ்வளவு காலியாக இருந்தது? அழகியல் தத்துவம் எல்லாம் ஒன்றுமில்லை. எங்களிடம் வெப்மாஸ்டர் இல்லை, எனக்கு எச்.டி.எம்.எல். வராது என்று செர்கே ப்ரின் சொன்னதாக மரிஸா மேயர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஆரம்ப நாளில் சில மாணவர்களைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தை முன்னால் வைத்தார்கள். ஒருவர் எதுவும் செய்யாமல் உட்கார்ந்தே இருக்கிறார். ஏனப்பா என்றால், மிச்சப் பக்கம் வரட்டும் என்று காத்திருக்கிறாராம்! அன்றைக்கு மற்ற தளங்கள் எல்லாம் அவ்வளவு நெரிசல். அதற்குப் பிறகு அடியில் காப்புரிமை வரி ஒன்றைப் போட்டார்கள். பக்கம் முடிந்துவிட்டது என்று சொல்ல ஒரு முற்றுப்புள்ளி. ஒருவரை உட்கார வைத்துப் பார்த்ததில் கிடைத்த பாடம்.

2007இல் ஐபோன் வந்தது. இத்தனை பிக்ஸல் அகலம் என்று அளந்து கட்டிய பக்கங்கள் எல்லாம் உள்ளங்கைக்குள் நசுங்கின. 2010இல் ஈத்தன் மார்காட் ஒரு கட்டுரையில் வழி சொன்னார். அகலத்தைப் பிக்ஸலில் கட்டாமல் விகிதத்தில் கட்டு. திரைக்குத் தகுந்தபடி பக்கம் தன்னை மாற்றிக்கொள்ளட்டும். புதுசாகக் கேட்கிறதா? பெர்னர்ஸ் லீயின் பழைய கெஜட் பக்கம் ஜன்னலைச் சுருக்கினால் சுருங்கும், விரித்தால் விரியும். ஊரைச் சுற்றி வீட்டுக்கே வந்து சேர்ந்தோம்.

அடுத்த வருஷம், 2011 ஆகஸ்டில், ட்விட்டரிலிருந்து பூட்ஸ்ட்ராப் வந்தது. மார்க் ஆட்டோ டிசைனர், ஜேக்கப் தார்ன்டன் இன்ஜினீயர். இரண்டு பேரும் சேர்ந்து பொத்தான், படிவம், பத்திக் கட்டம் எல்லாவற்றையும் தயார்நிலையில் செய்து இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். உலகத்து இன்ஜினீயர்கள் பெருமூச்சு விட்டார்கள். இனி டிசைன் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை! கொஞ்ச நாளில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ஒரே முகம். மார்கழி மாதம் தெருவெல்லாம் ஸ்டிக்கர் கோலம் ஒட்டினால் எப்படி இருக்கும்? அப்படி.

ஸ்டிக்கர் தப்பில்லை. அவசரத்துக்கு உதவும். ஆனால் எதற்காக அந்த இடத்தில் ஒரு புள்ளி என்பது தெரியாமலே காலம் ஓடிவிடும். இன்றைக்கு, இப்படி ஒரு பக்கம் வேண்டும் என்று வாயால் சொன்னாலே செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலையும் மிச்சம். தெரிய வேண்டியதைத் தெரிந்துகொள்வது இப்போதுதான் அதிக அவசியமாகிறது. வந்தது சரியா என்று சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டுமே!

அப்படித் தெரிய வேண்டியதும் அதிகமில்லை. முதலில், தோற்றத்தை முழுக்கக் கழற்றிவிட்டு உங்கள் பக்கத்தை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். அர்த்தமாக வருகிறதா? இரண்டாவது, இடைவெளி. சொந்தமானவை பக்கத்தில், சம்பந்தமில்லாதவை தள்ளி. சுவரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மூன்றாவது, நிறம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வித்தியாசம் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்று 2008இல் வந்த அணுகல் விதிமுறை சொல்கிறது. வெள்ளைத் தாளில் வெளிர் சாம்பல் எழுத்து ஃபேஷனாக இருக்கலாம், உங்கள் அப்பாவால் படிக்க முடியாது. நான்காவது, சம்பந்தமே இல்லாத ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள்.

வழக்குக்கு வருவோம். போமன் கட்சியா, 41 நீலம் கட்சியா? எண்ணிப் பார்த்தால் எந்த நீலத்தை அதிகம் பேர் க்ளிக் செய்கிறார்கள் என்று தெரியும். அது உபயோகமான தகவல்தான், 20 கோடி டாலர் என்ன சும்மாவா? ஆனால் அந்தக் கணக்கில் வருகிறவர்கள் பக்கத்துக்குள் நுழைய முடிந்தவர்கள் மட்டும்தான். 2000 செப்டம்பரில் சிட்னி தளத்துக்குள் கோடிக்கணக்கில் க்ளிக்குகள் விழுந்துகொண்டிருந்தபோது, மக்வயர் அந்த எண்ணிக்கையில் இல்லை. வாசலில் நின்றுகொண்டிருந்தவரை எந்த மீட்டரும் எண்ணவில்லை.

உங்கள் அடுத்த பக்கத்தைக் கட்டி முடித்ததும், வெளியிடுவதற்கு முன்னால், கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதற்கான மென்பொருள் ஃபோனிலேயே இருக்கிறது. ஐந்து நிமிஷம் ஆகும். 368 நாளெல்லாம் ஆகாது.